நாய், பூனை வளர்க்குறவங்களுக்கு: ஆஸ்பத்திரி பேப்பர், இன்சூரன்ஸ் பேப்பர் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கால்நடை டாக்டரும் இல்ல, இன்சூரன்ஸ் ஏஜெண்ட்டும் இல்ல. ஜிம்மின்னு ஒரு நாய், மீனுன்னு ஒரு பூனை, இதுங்க ரெண்டுக்கும் பல வருஷமா பேப்பர் சேர்த்து, கிளெயிம் போட்டு, சிலது கிடைச்சு சிலது கிடைக்காம போய் கத்துக்கிட்டதுதான் இங்க இருக்கு. இப்போ தெரிஞ்சவங்க எல்லாம் அவங்க பேப்பரை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி "இதுல என்ன போட்டிருக்கு"ன்னு கேக்குறாங்க, பெரும்பாலும் அதே கேள்விங்கதான் வருது, அதனால ஒரே இடத்துல எழுதிட்டேன்.

ஆஸ்பத்திரில இருந்து கிளம்பும்போது என்னென்ன பேப்பர் வாங்கிட்டு வரணும்? பில் போதாதா?

போதாது. பில்லுங்கறது நீங்க எவ்ளோ கட்டினீங்கன்னு மட்டும்தான் சொல்லும். அதுலயும் மொத்தத் தொகை மட்டும் இருக்குற ரசீது வேற, ஊசி எவ்ளோ, எக்ஸ்ரே எவ்ளோ, கன்சல்டேஷன் எவ்ளோன்னு வரி வரியா பிரிச்சுப் போட்ட பில் வேற. இன்சூரன்ஸ்காரங்களுக்கு வேணுங்கறது ரெண்டாவது. ஆனா அதைவிட முக்கியம் டாக்டர் எழுதுற கேஸ் நோட்ஸ். கிளெயிம் கிடைக்குமா கிடைக்காதான்னு முடிவு பண்றது பில் இல்ல, அந்த நோட்ஸ்தான். இதை நான் ரொம்ப லேட்டா புரிஞ்சுக்கிட்டேன், அதனால யார் கேட்டாலும் முதல்ல இதைத்தான் சொல்றேன்: நோட்ஸ் காப்பி ஒண்ணு கேட்டு வாங்குங்க, அன்னைக்கே வாங்குங்க, வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே ஒரு தடவை படிச்சுடுங்க. டாக்டர் எதிர்ல இருக்கும்போது கேட்டா ரெண்டு நிமிஷத்துல தெளிவாயிடுற விஷயம், ஆறு மாசம் கழிச்சு கேட்டா அவருக்கே ஞாபகம் இருக்காது.

நோட்ஸ் வாங்கிட்டேன். ஆனா ஒரு வரி கூட புரியலையே?

பயப்படாதீங்க, அதுக்கு ஒரு அமைப்பு இருக்கு. பெரும்பாலான டாக்டர்ங்க நாலு பகுதியா எழுதுவாங்க, இதுக்கு சோப் நோட்ஸ்னு பேரு. முதல் பகுதி நீங்க வாயால சொன்னது (சாப்பிடல, ரெண்டு நாளா வாந்தி, நொண்டுது). ரெண்டாவது டாக்டர் பாத்து அளந்தது: எடை, காய்ச்சல், இதயத் துடிப்பு. மூணாவது அவரோட கணிப்பு. நாலாவது அடுத்து என்ன செய்யப் போறோம்ங்கறது. இந்த வரிசை தெரிஞ்சாலே பாதி புரிஞ்ச மாதிரி.

அப்புறம் சுருக்கெழுத்து. பிஏஆர்னு இருந்தா நல்லா சுறுசுறுப்பா, கவனமா இருக்குன்னு அர்த்தம், சந்தோஷப்பட வேண்டிய எழுத்து அது. டபிள்யூஎன்எல்னா நார்மல் அளவுக்குள்ள இருக்கு. என்ஏடின்னா கோளாறு எதுவும் தெரியல. சிஆர்டிங்கறது ஈறை விரலால அழுத்தி விட்டா வெளுத்த இடம் திரும்ப சிவக்க எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாக்குறது, 2 செகண்டுக்குள்ள இருந்தா நல்லது. பிசிஎஸ் 6/9 அப்படின்னு இருக்கறதைப் பாத்துட்டு "என் நாய் 9க்கு 6 மார்க் தானா"ன்னு ஒருத்தங்க வருத்தப்பட்டாங்க. அது மார்க் இல்ல, உடம்பு வாகு: 1 எலும்பும் தோலும், 9 ரொம்ப குண்டு, நாய்க்கு 4, 5 தான் சரியான அளவு. அப்போ 6ன்னா கொஞ்சம் எடை ஏறியிருக்கு, அவ்வளவுதான்.

ஹெச்எக்ஸ் முன்கதை, டிஎக்ஸ் கண்டுபிடிச்ச நோய், ஆர்எக்ஸ் மருந்து. டிடிஎக்ஸ்னா "இதுல ஏதாவது ஒண்ணா இருக்கலாம்"ங்கற பட்டியல். அந்தப் பட்டியல்ல கேன்சர் இருந்தா உங்க நாய்க்கு கேன்சர்னு அர்த்தம் இல்ல, தயவுசெஞ்சு ராத்திரி முழுக்க முழிச்சிருந்து நெட்ல தேடாதீங்க. அதே மாதிரி ஆர்/ஓன்னு போட்டு பக்கத்துல ஒரு நோய் பேர் இருந்தா, அந்த நோய் இருக்கா இல்லையான்னு பாத்து ஒதுக்கணும்னு அர்த்தம், நோய் இருக்குன்னு இல்ல. இதை இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேகமா படிக்குறவங்களே சில நேரம் தப்பா எடுத்துக்குறாங்க. டெஸ்ட் பண்ணி அந்த நோய் இல்லன்னு ஆயிட்டா, "இல்லை என உறுதியானது"ன்னு அடுத்த விசிட் நோட்ஸ்ல ஒரு வரி எழுதச் சொல்லி கேளுங்க.

நான் வாயால சொன்னதும் நோட்ஸ்ல வருமா? அது அவ்ளோ முக்கியமா?

வரும், ரொம்ப முக்கியம். என் கதையையே சொல்றேன். ஜிம்மி ஒரு நாள் ஓடிட்டு வந்து பின்னங்கால் தூக்கிட்டு நின்னான், முழங்கால்ல ஜவ்வு கிழிஞ்சிருக்கு, ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. பதட்டத்துல டாக்டர்கிட்ட "இவன் அப்பப்போ நொண்டுவான் சார், கொஞ்ச மாசமாவே"ன்னு சொல்லிட்டேன். நான் நினைச்சது போன மழைக்காலத்துல பாதத்துல முள்ளு குத்தி ஒரு நாள் நொண்டினதை, அதுவும் முன்னங்கால். நோட்ஸ்ல ஏறினது "சில மாதங்களாக நொண்டுகிறது" மட்டும். பாலிசி எடுத்து அப்போ நாலு மாசம்தான் ஆகியிருந்துச்சு. கம்பெனி நோட்ஸைப் பாத்துட்டு இது பாலிசிக்கு முன்னாடியே இருந்த பிரச்னைன்னு மொத்த கிளெயிமையும் தள்ளிடுச்சு. அவங்க பொய் சொல்லல, பேப்பர்ல இருந்ததைத்தான் படிச்சாங்க. அந்த பேப்பரை நான்தான் அன்னைக்கே படிச்சிருக்கணும்.

அதனால டாக்டர்கிட்ட பேசும்போது தேதியோட, எந்தக் கால், எத்தனை தடவைன்னு சரியா சொல்லுங்க. "எப்பவுமே", "ரொம்ப நாளா", "கொஞ்ச நாளாவே" இதெல்லாம் நாம பேச்சு வாக்குல சொல்றது, ஆனா பேப்பர்ல ஏறினா அதுக்கு வேற எடை வந்துடுது. கிளம்புறதுக்கு முன்னாடி போன்ல ரெண்டு வரி டைப் பண்ணிட்டுப் போனா போதும்.

தப்பா எழுதியிருந்தா டாக்டர்கிட்ட மாத்தச் சொல்லலாமா?

உண்மையிலேயே தப்பா இருந்தா, கட்டாயம் கேக்கலாம். பழையதை அழிக்க மாட்டாங்க, அழிக்கவும் கூடாது, கீழ தேதி போட்டு "உரிமையாளர் தெளிவுபடுத்தியது இது"ன்னு ஒரு கூடுதல் குறிப்பு சேப்பாங்க. ஜிம்மி விஷயத்துல டாக்டர் அதைத்தான் செஞ்சார், முள்ளு எடுத்த அன்னைக்கு போட்ட பழைய நோட்ஸையும் தேடிக் குடுத்தார், முன்னங்கால்னு அதுல தெளிவா இருந்துச்சு. அதை வச்சு அப்பீல் போட்டோம், ரெண்டு மாசம் ஆச்சு, கிடைச்சது. ஆனா உண்மையா இருக்குற பழைய பிரச்னையை மறைச்சு எழுதச் சொல்றது வேற விஷயம். அது மோசடி, பாலிசியே ரத்தாகும், டாக்டரோட லைசென்ஸுக்கும் ஆபத்து. அதைக் கேக்காதீங்க, ஒருத்தர் கேட்டதால அவங்களுக்கும் அவங்க டாக்டருக்கும் இருந்த நல்ல உறவே போச்சு.

பிளட் ரிப்போர்ட்ல சில நம்பருக்கு பக்கத்துல 'எச்', 'எல்'னு சிவப்புல இருக்கு. பயப்படணுமா?

எச் அதிகம், எல் கம்மி. ஆனா அந்த "நார்மல் அளவு" எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா பயம் குறையும். ஆரோக்கியமான நிறைய விலங்குகளை டெஸ்ட் பண்ணி, நடுவுல இருக்குற 95 சதவீதத்தை நார்மல்னு வச்சுக்குறாங்க. அப்போ ஆரோக்கியமான 100ல 5 அந்தக் கோட்டுக்கு வெளியதான் விழும். ஒரே ரிப்போர்ட்ல ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் இருந்தா, நோயே இல்லாத விலங்குக்கும் ஒண்ணாவது சிவப்புல வர வாய்ப்பு 64 சதவீதம் கிட்ட வருது. அதனால ஒத்தை நம்பர் கொஞ்சம் தள்ளியிருக்குறதை வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது, எவ்ளோ தள்ளியிருக்கு, கூட வேற எது மாறியிருக்கு, போன தடவை எவ்ளோ இருந்துச்சு, இதைத்தான் டாக்டர் பாப்பாங்க.

வளர்ற குட்டிக்கு எலும்பு வளர்றதால ஏஎல்பிங்கற என்சைம் அதிகமா இருக்கும். பூனை ஆஸ்பத்திரிக்கு வந்த பயத்துலயே சுகர் ஏறிடும், மீனுவுக்கு அப்படித்தான் ஆச்சு, அப்புறம் சில வாரத்தோட சராசரியைக் காட்டுற ஃப்ரக்டோசமின் டெஸ்ட் பண்ணி சுகர் இல்லன்னு தெரிஞ்சது. கிரேஹவுண்ட் மாதிரி நாய்க்கு சிவப்பணு அளவு இயல்பாவே கூட இருக்கும். ஆனா கிரியாட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு) கூட, சிறுநீர் அடர்த்தி கம்மி, எடையும் குறைஞ்சிருக்குன்னு மூணும் சேர்ந்து வந்தா அது கிட்னி பத்தி உக்காந்து பேச வேண்டிய ரிப்போர்ட். பழைய ரிப்போர்ட்டை எல்லாம் தூக்கிப் போடாதீங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

மருந்துச் சீட்டுல எதைக் கவனிக்கணும்?

எத்தனை தடவைங்கறது முதல்ல. எஸ்ஐடி நாளைக்கு ஒண்ணு, பிஐடி ரெண்டு, டிஐடி மூணு, க்யூஐடி நாலு. பிஓ வாய் வழியா, பிஆர்என் தேவைப்பட்டா மட்டும், என்பிஓன்னா வாய் வழியா எதுவுமே குடுக்கக் கூடாது, ஆபரேஷனுக்கு முன்னாடி வரும். இதுல எஸ்ஐடிங்கறது கால்நடை டாக்டர்ங்கதான் அதிகமா எழுதுவாங்க. மனுஷங்க மெடிக்கல் ஷாப்ல அதை பிஐடின்னோ க்யூஐடின்னோ தப்பா படிச்சா டோஸ் ரெண்டு மடங்கு, நாலு மடங்கு ஆயிடும். வெளிய மருந்து வாங்குறதா இருந்தா "நாளைக்கு ஒரு தடவை"ன்னு முழுசா எழுதித் தரச் சொல்லுங்க.

அடுத்தது மில்லிகிராமும் மில்லிலிட்டரும். சிரப்புல ஒரு மில்லில எத்தனை மில்லிகிராம் இருக்குங்கறது பாட்டிலுக்கு பாட்டில் மாறும், அதனால "1 மில்லி குடுங்க"ங்கறது எந்த பாட்டிலுக்குன்னு பாருங்க.

இன்சுலின் போடுறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. விலங்குகளுக்குன்னு வர்ற இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லில 40 யூனிட், மனுஷங்களோடது பல நாட்டுல 100 யூனிட், இந்தியால 40 யூனிட் பாட்டிலும் உண்டு. சிரிஞ்சும் அதே மாதிரி தனித்தனி. 100 யூனிட் இன்சுலினை 40க்கு உள்ள சிரிஞ்சுல எடுத்தா, அதே கோடு வரைக்கும் எடுத்தாலும் ரெண்டரை மடங்கு உள்ள போயிடும், உயிருக்கே ஆபத்து. சீட்டு, பாட்டில், சிரிஞ்சு மூணுலயும் ஒரே நம்பர் இருக்கான்னு ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாருங்க.

நாய்க்கு மனுஷங்க சிரப் எழுதியிருந்தா சைலிட்டால் இருக்கான்னு லேபிளைப் பாருங்க, அந்த இனிப்பு நாய்க்கு விஷம்.

எஸ்டிமேட் ஒண்ணு, பில் வேறயா வந்துச்சு. ஏமாத்துறாங்களா?

பெரும்பாலும் இல்ல. எஸ்டிமேட்ங்கறது ஒரு கணக்கு, உறுதி இல்ல, அதுல கீழ் அளவு மேல் அளவுன்னு ரெண்டு இருக்கும், நாம மனசுல வச்சுக்குறது கீழ் அளவை. கையெழுத்து போடும்போதே "மேல் அளவைத் தாண்டப் போகுதுன்னா எனக்கு போன் பண்ணிட்டு செய்ங்க"ன்னு எழுதிடுங்க. நிறைய பேர் கூச்சப்படுறாங்க. காசு பத்திப் பேசுறதால செல்லத்து மேல பாசம் இல்லன்னு ஆயிடாது, நல்ல டாக்டர் அதைப் புரிஞ்சுக்குவாங்க.

ஆபரேஷன் ஒப்புதல் படிவத்துல 'சிபிஆர் வேண்டுமா'ன்னு கேக்குறாங்க, பயமா இருக்கு.

ஆபத்து அதிகம்னு அர்த்தம் இல்ல, மயக்க மருந்து குடுக்குறப்போ பல இடத்துல வழக்கமாவே கேக்குறது. இதயம் நின்னா திரும்பக் கொண்டு வர முயற்சி பண்ணலாமா வேணாமான்னு உங்க முடிவு தெரியணும், அந்த நேரத்துல போன் பண்ணிட்டு காத்திருக்க முடியாது. அதே பேப்பர்ல ஏஎஸ்ஏ 1, 2ன்னு இருக்கும், அது மயக்க மருந்துக்கான ஆபத்து அளவு, 1 ஆரோக்கியமான விலங்கு, 5 ரொம்ப மோசமான நிலை. இன்னொண்ணு, ஏதாவது டெஸ்ட் வேணாம்னு நீங்க சொன்னா "உரிமையாளர் மறுத்தார்"னு எழுதி கையெழுத்து வாங்குவாங்க. அதுல தப்பு இல்ல, ஆனா ஏன் வேணாம்னு சொன்னீங்கங்கறதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க.

இன்சூரன்ஸ் பாலிசி நாப்பது பக்கம் இருக்கு. எங்க இருந்து படிக்கறது?

முதல் பக்கத்துல இருந்து இல்ல. விலக்குகள்னு ஒரு பகுதி இருக்கும், அதாவது எதுக்கெல்லாம் குடுக்க மாட்டோம்ங்கறது, அதைத்தான் முதல்ல படிக்கணும். அடுத்தது சொல் விளக்கம். "நோய்", "விபத்து", "முன்பே இருந்த பிரச்னை" இந்த வார்த்தைகளுக்கு நாம நினைக்குற அர்த்தம் அங்க இருக்காது, அவங்க குடுத்திருக்குற அர்த்தம்தான் செல்லும். மூணாவதா உங்க பேர், செல்லத்தோட வயசு, இனம் எல்லாம் போட்ட ஷெட்யூல் பக்கம், அதுல வயசு தப்பா இருந்தாலே பின்னாடி சிக்கல். விளம்பர நோட்டீஸை ஓரமா வைங்க, அதை வச்சு கிளெயிம் கேக்க முடியாது.

'முன்பே இருந்த பிரச்னை'ன்னா டாக்டர் கண்டுபிடிச்சது தானே?

இங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க. பல பாலிசில நோய்க்கு பேர் வச்சிருக்கணும்னு அவசியமே இல்ல, அறிகுறி தெரிஞ்சிருந்தாலே போதும். பாலிசி எடுக்குறதுக்கு முன்னாடியோ வெயிட்டிங் பீரியட் (பாலிசி எடுத்தும் கவர் தொடங்காத ஆரம்ப நாட்கள்) உள்ளயோ காதைச் சொறிஞ்சுதுன்னு நோட்ஸ்ல இருந்தா, ஒரு வருஷம் கழிச்சு வர்ற தோல் அலர்ஜி கிளெயிமையும் அதோட சேர்த்துப் பாக்கலாம். சில கம்பெனிங்க குணமாகக் கூடியது, குணமாகாததுன்னு பிரிக்கும். வயித்துப்போக்கு மாதிரி வந்து போனதுன்னா 6 மாசமோ 12 மாசமோ அறிகுறி, சிகிச்சை எதுவும் இல்லாம இருந்தா திரும்ப கவர் பண்ணும். சுகர், கிட்னி மாதிரி குணமாகாததுன்னா அப்படி திரும்ப கவர் பண்ணாது.

இதுலயே இன்னொரு விதி, ரெண்டு பக்க விதி. இடது முழங்கால் ஜவ்வு பாலிசிக்கு முன்னாடி போயிருந்தா, வலது முழங்காலுக்கும் கிடையாதுன்னு சொல்லும். அநியாயமா தெரியும். ஆனா ஒரு கால் ஜவ்வு கிழிஞ்ச நாய்ங்கள்ல நிறையவற்றுக்கு இன்னொரு காலும் பின்னாடி போகுது, அதை வச்சுத்தான் அந்த விதியைப் போடுறாங்க. பாலிசி எடுக்கும்போதே இந்த விதி இருக்கா, எந்தெந்த உறுப்புக்குன்னு எழுத்துல கேட்டுடுங்க.

வெயிட்டிங் பீரியட் எவ்ளோ?

விபத்துக்கு சில நாள், நோய்க்கு பல பாலிசில 14 நாள் சிலதுல 30, முழங்கால், இடுப்பு மூட்டுக்கு தனியா 6 மாசம் வரைக்கும் கூட இருக்கும். தேதியை காலண்டர்ல குறிச்சு வைங்க.

80 சதவீதம் தருவோம்னாங்க, கையில வந்தது கம்மி. எப்படி?

கழிக்குற வரிசைல இருக்கு விஷயம். பில் 1000னு வச்சுக்குவோம், டிடக்டிபிள் 200, அதாவது முதல் 200 உங்க பொறுப்பு. முதல்ல 200ஐ கழிச்சுட்டு மீதி 800ல 80 சதவீதம் குடுத்தா 640 வரும். மாத்தி, 1000ல 80 சதவீதம் எடுத்து அதுல 200 கழிச்சா 600தான். ரெண்டும் நடைமுறைல இருக்கு, உங்க பாலிசில எதுன்னு பாருங்க. டிடக்டிபிள் வருஷத்துக்கு ஒரு தடவையா, ஒவ்வொரு நோய்க்கும் தனியாவா, ஒவ்வொரு விசிட்டுக்குமா? விசிட்டுக்குன்னா சின்ன பில்லுக்கெல்லாம் கையில ஒண்ணுமே வராது. போதாக்குறைக்கு கன்சல்டேஷன் ஃபீஸ், ஸ்பெஷல் சாப்பாடு, டாக்ஸ் மாதிரி சிலதை கணக்குலயே சேர்க்காம விட்டுட்டு மீதிக்குத்தான் சதவீதம் போடுவாங்க.

அதிகபட்சத் தொகையும் அப்படித்தான். வருஷத்துக்கு இவ்ளோ, புதுப்பிச்சா திரும்ப முழுசா கிடைக்கும்ங்கறது ஒரு வகை. ஒரு நோய்க்கு இவ்ளோ, அது தீர்ந்தா அந்த நோய்க்கு அதோட முடிஞ்சதுங்கறது இன்னொண்ணு. முதல் சிகிச்சைல இருந்து 12 மாசம் மட்டும்ங்கறது மூணாவது. அலர்ஜி, சுகர் மாதிரி ஆயுசு முழுக்க வர்ற நோய்க்கு முதல் வகைதான் உண்மையா உதவும், பிரீமியம் கூட இருந்தாலும் என் ஓட்டு அதுக்குத்தான்.

கிளெயிம் நிராகரிச்சுட்டாங்க. விட்டுடலாமா?

விடாதீங்க, கோவமா போனும் பண்ணாதீங்க. கடிதத்துல எந்த விதி எண்ணைக் காட்டி மறுத்திருக்காங்கன்னு பாருங்க, இல்லன்னா எழுத்துல கேளுங்க. நோட்ஸ்ல எந்த தேதி, எந்த வரியை வச்சு முடிவு பண்ணாங்கன்னும் கேளுங்க. அந்த ஒரு வரிக்கு மட்டும் உங்க டாக்டர்கிட்ட ஒரு பக்க கடிதம் வாங்குங்க: இது பழைய பிரச்னையோட தொடர்ச்சி இல்ல, மருத்துவக் காரணம் இது. பத்து பக்கம் நம்ம வேதனையை எழுதி அனுப்புறதை விட அந்த ஒரு பக்கம் வேலை செய்யும். அப்பீலுக்கு கடைசி தேதி இருக்கும், அதைத் தவற விட்டுடாதீங்க. கம்பெனிக்குள்ள முடியலன்னா இன்சூரன்ஸைக் கண்காணிக்குற அரசு அமைப்போ குறைதீர்ப்பாளரோ இருப்பாங்க, எப்படிப் போகணும்ங்கற வழி பாலிசி கடைசிப் பக்கங்கள்ல இருக்கும்.

பெரிய ஆபரேஷனா இருந்து அவசரம் இல்லன்னா, முன்னாடியே எஸ்டிமேட்டை அனுப்பி முன் அனுமதி கேட்டுடுங்க, பின்னாடி சண்டை போடுறதை விட அது நல்லது.

பிரீமியம் ஏறிடுச்சு, வேற கம்பெனிக்கு மாறலாமா?

செல்லம் குட்டியா, நோயே இல்லாம இருந்தா மாறலாம். ஏற்கனவே நோய் வந்திருந்தா நல்லா யோசிங்க, இதுவரைக்கும் வந்த ஒவ்வொரு நோயும் புது கம்பெனிக்கு "முன்பே இருந்த பிரச்னை"யா போயிடும், வெயிட்டிங் பீரியடும் முதல்ல இருந்து தொடங்கும். புது பாலிசி கைக்கு வந்து படிச்சுப் பாக்குறதுக்கு முன்னாடி பழையதை நிறுத்திடாதீங்க.

தடுப்பூசி அட்டை, மைக்ரோசிப் பேப்பர் இதெல்லாம் தேவையா?

தேவை. தடுப்பூசி தேதி தவறியிருந்தா அந்த ஊசி தடுக்கக்கூடிய நோய்க்கு, பார்வோ வைரஸ் நோய் மாதிரி, கிளெயிம் வராதுன்னு பல பாலிசில இருக்கு. மைக்ரோசிப் (தோலுக்கு அடியில வைக்குற அடையாளச் சிப்) நம்பர் சர்வதேச தரத்துல 15 இலக்கம், அட்டைலயும் பாலிசிலயும் ஒரே நம்பரான்னு பாருங்க.

என் செல்லம் போயிடுச்சு. இப்போ உக்காந்து கிளெயிம் போடணுமா?

மனசு கேக்காதுன்னு தெரியும். ஜிம்மி போனப்போ அந்த ஃபைலை நான் ரெண்டு வாரம் தொடவே இல்ல. ஆனா கடைசி நாட்களோட பில்தான் பெரும்பாலும் பெரிய பில், கிளெயிம் போட கடைசி தேதி நமக்காக நிக்காது. கருணைக்கொலைக்கு முன்னாடி கையெழுத்து போட்ட படிவம், டாக்டர் எழுதின காரணம், கடைசி பில், மூணோட காப்பியும் கேட்டு வாங்குங்க. அந்தப் படிவத்துல "கடந்த 10 நாள்ல யாரையாவது கடிச்சதா"ன்னு கேட்டிருந்தா அது ரேபிஸ் பாதுகாப்புக்காக, உங்க செல்லத்தை தப்பா நினைச்சு இல்ல. கம்பெனிக்கு இறந்த தேதியை எழுத்துல சொல்லிடுங்க, இல்லன்னா பிரீமியம் தானா போய்க்கிட்டே இருக்கும், ஒவ்வொரு மாசமும் அந்தப் பேரு மெசேஜ்ல வரும். உங்களால முடியலன்னா வீட்டுல வேற யார்கிட்டயாவது ஃபைலைக் குடுத்து செய்யச் சொல்லுங்க, எனக்கு என் தங்கச்சிதான் செஞ்சா.